ஒரு செபமாலைக் காற்று

முள் அசையவில்லை. ஆறு வருஷமாக அசையாத முள் இந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு மட்டும் ஏன் அசையப்போகிறது என்று சிலுவைமுத்து நினைத்துக்கொண்டார், நினைத்தபடியே மறுபடியும் பார்த்தார். சுற்றிலும் அட்டைப்பெட்டிகள். நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாய்ச் செருகி மகள் பவுலின் காலையிலேயே வாசலில் அடுக்கிவிட்டதால், கயிறு போட்டுக் கட்டிய மெத்தைச் சுருளின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் இரண்டு ஆணிகளில் குறுக்காக அது மட்டும் இன்னும் தொங்கியது. தடித்த இரும்புக் குழாய் ஒன்று, அதன் முதுகில் ஒட்டிப் பிறந்தது போல ஒரு மெல்லிய பித்தளைக் குழாய், பின்னால் வேப்பங்கட்டையில் செதுக்கிய பிடி, பக்கவாட்டில் கைக்கடிகாரத்தைவிடக் கொஞ்சம் பெரிய, காற்றின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ். காற்றுத் துப்பாக்கி. அவர் தன் கையால் செய்ததில் பதினோராவது, அதுதான் கடைசி. கேஜின் முள் சிவப்பு மையால் போட்ட கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. "நான் பங்குச்சாமியாரைப் பாத்துக் கடிதாசி வாங்கிட்டு வாரேன்ப்பா," என்று பவுலின் போகும்போது சொல்லிவிட்டுப் போனாள். மதுரையில் புதுக் கோயில் பங்கில் சேர அந்தக் கடிதம் வேண்டும். "ஒரு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள அந்தக் குழாய்ல இருக்கிற காத்தைத் திறந்து விட்டுருங்க. காத்தோட அதை வேன்ல ஏத்த விட மாட்டேன். கேட்டியளா?" கேட்டது. கேட்டது என்று தலையையும் ஆட்டினார். நாற்பத்தொரு வயது மகள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அவள் ஒன்றைச் சொன்னால் அறுபது பிள்ளைகள் நோட்டை மூடுகிறார்களாம். அவர் தலையாட்டாமல் என்ன செய்வார்.

திறந்து விடுவதில் ஒன்றுமில்லை. விசையை இழுத்தால் உள்ளே இருக்கிற அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்துவிடும், அப்படித்தான் அந்த வால்வை அவர் செய்திருந்தார், மிச்சம் வைக்காத வால்வு. அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. கேஜைத் தட்ட வேண்டும். தட்டாமல் முள்ளை நம்பக் கூடாது. இதை அவருக்கு யாரும் புத்தகத்தில் சொல்லித்தரவில்லை. பதினாறு வயதில் துறைமுகத்துக்குப் பக்கத்து ஐஸ் கம்பெனியில் எண்ணெய்த் துணியும் கையுமாகச் சேர்ந்தபோது, ஒவ்வொரு மணிக்கும் ஆப்பரேட்டர்கள் கேஜுக்குக் கேஜ் போய் ஆள்காட்டி விரலை மடக்கி ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு அப்புறம்தான் அளவை எழுதுவதைப் பார்த்தார். உப்புக்காற்றில் எல்லாம் துரு, முள்ளுக்கும் துரு, அது போன இடத்திலேயே நின்று பொய் சொல்லும், தட்டினால் துள்ளி விழுந்து உண்மைக்கு வரும். பிறகு அவரே ஆப்பரேட்டர் ஆனார், முப்பத்தொரு வருஷம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், மணிக்கு ஒன்பது கேஜ். எத்தனை தட்டு என்று பவுலின் ஒருமுறை கணக்குப் போட்டுச் சொன்னாள், பதினோராம் வகுப்பில் இருந்தாள் அப்போது, அந்த எண் மறந்துவிட்டது, விரல் முட்டியில் ஒரு காய்ப்பு மட்டும் இருக்கிறது. அந்த விரல்தான் இந்த ஒரே ஒரு கேஜை மட்டும் ஆறு வருஷமாகத் தட்டவில்லை. தினமும் எழுந்ததும் பார்க்கிறார். முள் அங்கேயே இருக்கிறது. சரி என்று பல் விளக்கப் போகிறார். அவ்வளவுதான். ஒரு மனிதன் காலையில் ஒரு முள்ளைப் பார்த்துவிட்டுப் பல் விளக்கப் போவதில் யாருக்கு என்ன நஷ்டம். ஆனால் இந்தக் கேஜ் முதல் நாளிலிருந்தே சோம்பேறி, அதுவும் அவருக்குத் தெரியும். உடைக்கப் போட்ட ஒரு படகிலிருந்து கழற்றியது. காற்று அடிக்கும்போதே அது தூங்கும், ஜெசிந்தாள்தான் நகத்தால் சுண்டுவாள். "எந்திரி, எந்திரி, வெயிலு வந்துட்டு பாரு," என்று பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை எழுப்புகிற மாதிரி சுண்டுவாள், முள் திடுக்கிட்டு இரண்டு கோடு ஏறும், "பாத்தியளா, உங்களைப் போலவே," என்பாள்.

அவருடைய மனைவி ஜெசிந்தாள். இப்படி யாருக்கோ அறிமுகம் செய்வதுபோல மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது அவருக்கு இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது, மதுரையில் பவுலின் தெருவில் யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே. மனைவி பேர் ஜெசிந்தாள், தவறிப்போய் ஆறு வருஷம், நல்லா நண்டுக் குழம்பு வைப்பா, காற்றுத் துப்பாக்கி சுடுவா. கடைசியைச் சொன்னால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வார்கள். கல்யாணமான முதல் வருஷம், சைக்கிள் பம்பையும் ஒரு பழைய ஆண்டெனாக் குழாயையும் வைத்து முதலாவதை அவர் செய்துகொண்டிருந்தபோது அவள் மீன் கழுவின கையோடு வந்து பின்னால் நின்றாள். எதுக்கு இது என்று கேட்பாள் என்று பயந்தார். எதற்கு என்று அவருக்கே சொல்லத் தெரியாது, நாளெல்லாம் கம்பெனியில் அழுத்தத்தை அடக்கி அடக்கி வைக்கிறோமே, ஒரு தடவையாவது அதை விட்டுப் பார்க்கலாம் என்றுதான். ஆனால் அவள் கேட்டது, "எவ்வளவு தூரம் போவும்?" ஊறவைத்த செய்தித்தாளைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி உள்ளே தள்ளிச் சுட்டார். குழாயின் வாயிலிருந்து அது எட்டிப் பார்த்துவிட்டுக் கால் பெருவிரல் மேல் விழுந்தது. அவள் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு இருக்கிறதே, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள், அங்கே பாத்திரம் உருண்டது. அப்புறம் வந்து, "இதுக்குப் பேரு சின்னத்தை," என்றாள். அவருடைய சின்ன அத்தை வாய் நிறையச் சொல்வாள், கையில் ஒன்றும் வராது. அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர்களின் பேர்தான். சத்தம் மட்டும் போட்டதற்கு ஏட்டு மாமா. நினைத்த நேரத்தில் தானாகவே வெடித்துக்கொண்டதற்கு அவருடைய அம்மா பேரையே வைத்துவிட்டு, அவர் முறைத்ததும், "சரி, எங்கம்மா பேரை வச்சுக்குவோம், எல்லாம் ஒண்ணுதான்," என்றாள். மாடியில் கம்பி கட்டிப் பால்மாவு டப்பா மூடிகளைத் தொங்கவிட்டுக் குறி பார்ப்பார்கள். மூடியில் பட்டால் டிங்கென்று மணி அடிக்கும். பறவையைச் சுடுவதில்லை என்று பேச்சு இல்லாமலே ஒரு பேச்சு. எப்போதும் அவள்தான் கூட மூடி அடிப்பாள், ஏனென்றால் அவள் மூச்சை விட்டுவிட்டு விசையை இழுப்பாள், அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பார், பிடித்த மூச்சு கையை ஆட்டும், இதை அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். முள்ளைப் பார்த்தார். நிற்கிறது. இப்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரிந்து மெதுவாக விட்டார். வெளியே ஒரு மினிவேன் பின்னால் நகருகிற பீப் பீப் கேட்டது, இவ்வளவு சீக்கிரமா என்று வாசலைப் பார்த்தார், இல்லை, அது தண்ணீர்க் கேன் வண்டி.

உபயோகமாக ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு டிசம்பரில், தெருவுக்குக் குறுக்கே நட்சத்திரம் தொங்கவிட வேண்டும் என்று இளைஞர்கள் ஏணியைப் போட்டுக்கொண்டு தவித்தபோது, ஏழாவது துப்பாக்கி தூண்டில் நரம்பு கட்டிய ஒரு மரத்தக்கையை இந்த மாடியிலிருந்து எதிர் மாடிக்கு எறிந்தது. எறிய வேண்டியது எதிர் மாடிக்கு. காற்று ஒரு பக்கமாய் வீசியதாலோ அவர் மூச்சைப் பிடித்ததாலோ தக்கை எதிர்வீட்டுத் தஸ்நேவிஸின் அடுக்களை ஜன்னல் வழியாக உள்ளே போயிற்று. அப்புறம் தஸ்நேவிஸ் கையில் அகப்பையோடு வாசலுக்கு வந்தார். "ஏய் சிலுவ, ஒம் நட்சத்திரம் எங்க வீட்டுச் சாளை மீன் குழம்புல உதிச்சிருக்கு. கும்பிட வாரீயளா ரெண்டு பேரும்?" தெருவே சிரித்தது. ஜெசிந்தாள் இங்கே மாடியிலிருந்தே, "அண்ணே, நரம்பை மட்டும் விட்டுராதீய, அப்படியே மாடிக்குக் கொண்டு போயிக் கட்டுங்க," என்று கத்தினாள். அவருக்கு வெட்கத்தில் உடம்பு சுருங்கிவிட்டது, அவள் கண்ணெல்லாம் வேலையில் இருந்தது. அந்த வருஷம் நட்சத்திரத்தை ஏற்றிய நரம்பில் குழம்பு வாடை, ஜனவரி ஆறு வரைக்கும் பூனை ஒன்று அதைப் பார்த்துக்கொண்டே சுவரில் உட்கார்ந்திருந்தது. தஸ்நேவிஸும் போய்விட்டார். அவருடைய மகன் வீட்டை இடித்துக் கட்டிவிட்டான், ஜன்னல் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி. எல்லோரும் எங்கேயாவது போகிறார்கள், அவர் மதுரைக்குத்தானே போகிறார், மூன்று மணி நேரம். மதுரையில் காற்றில் உப்பு இருக்காது. இரும்பு துருப்பிடிக்காது. அது நல்லதுதானே, நல்லதுதான், ஆனால் உப்பில்லாத காற்றை அறுபத்தொன்பது வயதில் எப்படி இழுப்பது, பத்தியச் சோறு மாதிரி.

காற்று என்றதும் மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறது, குழாயைச் சுற்றின எறும்பு மாதிரி. அந்தக் காற்றை அடித்தது அவள். பதினோராவதைச் செய்து முடித்தபோது அவருக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆகி மூன்று வாரம், குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, பம்ப் அடிக்கவே கூடாது. "நான் அடிக்கேன், நீரு எண்ணும்," என்றாள். அவள் கோபமாக இருந்தாலும் ரொம்பக் குஷியாக இருந்தாலும் நீரு என்பாள். சனிக்கிழமை சாயங்காலம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பம்பின் மேல் குனிந்தவள், "எண்ண வேண்டாம், செபமாலையிலேயே வச்சுக்குவோம், அடிக்கு ஒரு மணி," என்று மாலையைப் பிடியோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டாள். பத்துச் சின்ன மணிகளுக்கு ஒரு பெரிய மணி வருமே, அதில் நிறுத்தினால் பம்பும் சூடு ஆறும், அவளும் மூச்சு வாங்கலாம். அவருக்குத் திக்கென்றது. "பாவம் இல்லையா பிள்ள? துப்பாக்கிக்குப் போயி." அவள் நிமிராமலே, "மாதா கோவிச்சுக்க மாட்டா. அவளும் ஆசாரிக்கு வாக்கப்பட்டவதான், ஆம்பள கொட்டகைக்குள்ள என்னத்தையாவது தட்டிக்கிட்டே கெடந்தா எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரியாதாக்கும்?" என்றாள். ஐந்து பத்து, கடைசியில் தொங்கலில் இருக்கிற மூன்று, ஆக ஐம்பத்து மூன்று மணி, ஐம்பத்து மூன்று அடி. முணுமுணு என்று மந்திரம், உஸ் உஸ் என்று பம்ப், நடுநடுவே கேஜுக்கு ஒரு சுண்டு. முதல் பத்து, இரண்டாம் பத்து, மூன்றாம் பத்து. அவரும் மனசுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தார், கம்பெனிப் பழக்கம், யார் எண்ணினாலும் அவரும் எண்ணுவார். நான்காம் பத்தில் அவள் நின்றாள். விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு நின்றாள். "என்னட்டி?" என்றார். "பெரிய மணி," என்றாள். சரி என்று அவரும் இருந்துவிட்டார். இங்கேதான் மாட்டுகிறது. எத்தனை தரம் வந்தாலும் இந்த இடத்தில்தான் சேலை ஆணியில் மாட்டுவது போல மாட்டிக்கொள்கிறது. ஏனென்றால் அது பெரிய மணி இல்லை. அது நான்காம் பத்தில் ஆறாவது மணி. அவர் எண்ணிக்கொண்டிருந்தார், அவருக்குத் தெரியும், தெரிந்தும் அவள் சொன்னதை எடுத்துக்கொண்டார், ஒருவேளை நான்தான் எண்ணிக்கையில் தப்பிவிட்டேன் என்று. முப்பத்தொரு வருஷம் எண்ணிக்கையில் தப்பாத ஆள். மறுபடி அடித்தாள், முடித்தாள், மாலைக்கு முத்தம் கொடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள், கேஜைக் கடைசியாக ஒரு சுண்டு, கோட்டுக்கு ஒரு நூல் கீழே. "நாளைக்குப் பூசை முடிஞ்சு வந்து மொத குறி எனக்கு," என்றாள். ராத்திரியே வலி கூடி, விடிவதற்குள் ஆஸ்பத்திரி. வயிற்றில் கட்டி என்றார்கள். மாசக்கணக்காக இருந்திருக்கும் என்றார் டாக்டர், பம்ப் அடித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை ஐயா, இதையே எத்தனை தடவை கேட்பீங்க என்றார். சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் வலியோடு பதினேழு அடி. நாற்பத்தேழாவது அடி, நாற்பத்தெட்டாவது அடி, அதெல்லாம் அவள் எதற்காக அடித்தாள். அவருக்காகவா, மொத குறி தனக்கு என்பதற்காகவா. இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், இதைக் கேட்க இருபத்தாறு நாளும் இருந்தது, கேட்கவில்லை, கஞ்சி குடிச்சியா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு வீட்டுக்குள் நுழைந்தவர் சுவரைப் பார்த்தார். முள் கோட்டுக்கு ஒரு நூல் கீழே. அவள் விட்ட இடத்தில். எல்லாம் அவளோடு போய்விட்டதாக நினைத்திருந்த இடத்தில் அவள் கை வேலை ஒன்று இன்னும் இறுகிப்போய் உள்ளேயே இருந்தது, ஐம்பத்து மூன்று அடியும், வலியோடு அடித்த பதினேழும் சேர்த்து. பழக்கத்தில் விரல் மடங்கிக் கேஜை நோக்கிப் போயிற்று, போய் நின்றது. தட்டினால் இறங்கிவிட்டால்? வேண்டாம். அந்த நாட்களில் அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, காதையும் கன்னத்தையும் குழாயோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், எங்கேயாவது இஸ் என்று கசிகிறதா என்று கேட்க. கசிவைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். கசியவில்லை. குளிர்ந்த இரும்பு கன்னத்துக்கு நன்றாக இருந்தது, அழுது வீங்கின முகத்துக்கு ஈரத்துணி மாதிரி. ஒருமுறை நிமிர்ந்தபோது பவுலின் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள், முப்பதாம் நாள் பூசைக்காக லீவு போட்டு வந்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது, "அப்பா, அதைக் கீழ வைங்க," என்றாள், வைத்தார், பாவம் பிள்ளைக்கும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அதிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குப் போன் செய்வாள். ஆறு வருஷத்தில் ஒரு நாள் தப்பவில்லை. "எந்திச்சிட்டீயளா? சாப்டீயளா?" கேட்டுவிட்டு, ஏதாவது ஒரு சாக்கில், "அந்தத் துப்பாக்கிக் காத்தைத் திறந்து விட்டாச்சா?" என்பாள். அம்மாவுடைய காற்று என்று அவர் அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் வருத்தப்படுவாள், இல்லை சிரிப்பாள், இல்லை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவாள். விடலாம், விடலாம் என்பார். இன்றைக்கு விடலாம் என்று சொல்லித் தப்ப முடியாது. விட்டாச்சு என்று பொய் சொல்லி வேனில் ஏற்றிவிடலாம்தான். ஆனால் ஆறு வருஷ உப்பைத் தின்ற குழாய், உள்ளே அழுத்தம், மேலே மத்தியான வெயில், பக்கத்தில் யார் பெற்ற பிள்ளையோ ஒரு டிரைவர். அழுத்தத்தோடு விளையாடின ஆட்களை அவர் கம்பெனியில் பார்த்திருக்கிறார். அந்தப் பொய்யை அவரால் சொல்ல முடியாது. அப்படியானால் இரண்டே வழி. தட்ட வேண்டும். இறங்கினால், அது எப்போதோ போய்விட்டது, போன மாசமா, போன வருஷமா, அடக்கம் நடந்த வாரத்திலேயா, இத்தனை காலையிலும் ஒரு வெறுங்குழாயைப் பார்த்துவிட்டு அவர் பல் விளக்கப் போயிருக்கிறார். இறங்காவிட்டால், விசையை இழுக்க வேண்டும், அவரே, தன் விரலால், அவளை. இல்லை, அவளை இல்லை, காற்றை. வெறும் காற்றுதான், இந்தத் தெருக் காற்று, கருவாட்டு வாடையும் லாரிப் புகையும் கலந்த காற்று, அவள் மூச்சுக்கூட இல்லை, பம்பு இழுத்துத் தள்ளினது. எழுந்தார். ஆணியிலிருந்து இறக்கினார். கனம் கூடியிருந்தது, இல்லை கை இளைத்துவிட்டது. காற்றுக்குக் கனம் உண்டா என்று அவள் கேட்டாள் ஒருமுறை, உண்டு என்றார், அப்போ நம்ம கம்பெனியிலே காத்தை எடை போட்டு விக்கலாமே என்றாள். விரலை மடக்கினார். கேஜின் கண்ணாடியில் அவர் முகம் சின்னதாகத் தெரிந்தது. விரல் அங்கேயே நின்றது. அப்படியே மெத்தைச் சுருளில் போய் உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் சாத்தி, பழையபடி கன்னத்தை அதன் மேல் வைத்துக்கொண்டார். இன்னும் ஐந்து நிமிஷம். அவள் நான்காம் பத்தில் நின்றாளே, அது மாதிரி. பெரிய மணி என்று சொல்லிக்கொண்டார்.

"அப்பா!"

பவுலின் வாசலில் நின்றாள். கடிதம் இருந்த கவர் அவள் கையிலிருந்து நழுவி விழுந்ததை அவள் பார்க்கவில்லை. செருப்போடு உள்ளே வந்தாள், செருப்போடு இந்த வீட்டுக்குள் அவள் வந்ததே இல்லை. "அதை எங்கிட்ட தாங்க. மெள்ளத் தாங்க."

"என்ன பிள்ள, என்னாச்சு?"

"தாங்கன்னு சொன்னேன்."

கொடுத்தார். அவள் அதைப் பாம்பைப் பிடிப்பது போல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள், குழாயின் வாய் சுவரைப் பார்க்க. பிறகு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கணக்கு டீச்சர் அழுது அவர் பார்த்து ரொம்ப நாளாயிற்று, மூக்கு முதலில் சிவக்கும், அம்மாவைப் போல. "இதை மூஞ்சில வச்சுக்கிட்டு இப்படித்தான் உக்காந்திருந்தீய அன்னைக்கும். முப்பதாம் நாளுக்கு வந்தப்போ. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அப்படியே இங்க தனியா விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? தினமும் ஏழு மணிக்குப் போன் அடிச்சு, ரெண்டு ரிங்ல எடுக்கலைன்னா எனக்கு..." அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, பம்ப் அடிக்கும்போது ஒவ்வொரு கோடாய் ஏறுமே முள், அதுபோல மெதுவாக ஏறி விளங்கியது. "அய்யோ பிள்ள," என்றார். "கசிவு இருக்கான்னு காது வச்சுக் கேட்டேன் பிள்ள. வேற ஒண்ணுமில்ல. கசிவைக் காதாலதான் கேக்கணும். உங்கம்மா அடிச்ச காத்து அது. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின சாயங்காலம் அடிச்சது. அது உள்ள இருக்கான்னுதான்."

பவுலின் அவரையே பார்த்தாள். "அம்மா அடிச்சதா?"

"ஐம்பத்து மூணு அடி."

அவள் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். பெட்டி கொஞ்சம் அமுங்கியது. "என்னை மன்னிச்சிருங்கப்பா," என்றாள். "நீங்க கல்லறைக்குப் போயிருந்தீய அன்னைக்கு. மாடிக்குக் கொண்டு போயி, மணல் மூட்டையைப் பாக்க வச்சு, நான் இழுத்துட்டேன். காலி பண்ணிட்டா நிம்மதியாப் போவலாம்னு. ஆனா அந்த முள்ளு இறங்கவே இல்ல. அப்படியே நின்னுச்சு. பாதிதான் போச்சோ, உள்ள இன்னும் இருக்கோன்னு எனக்குப் பயம் வந்துட்டு. ரெண்டாவது தரம் இழுக்கக் கை வரல. கொண்டு வந்து மாட்டிட்டு ஊருக்குப் போயிட்டேன். ஆறு வருஷமா இந்த முள்ளை நெனச்சுத்தான் எனக்கு விடியுது."

அவருக்கும் ஆறு வருஷமாக இந்த முள்ளை நினைத்துத்தான் விடிகிறது. கையை நீட்டி, அவள் மடியில் கிடந்த துப்பாக்கியின் கேஜை, விரலை மடக்கி, ரெண்டு தட்டுத் தட்டினார்.

முள் திடுக்கிட்டது. ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நடுங்கிவிட்டு, அப்படியே சறுக்கிக்கொண்டு போய் அடியில் பூஜ்ஜியத்து ஆணியில் மோதி நின்றது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். தனக்குள்ளே ஏதாவது உடையும் என்று அவர் காத்திருந்தார். ஒன்றும் உடையவில்லை. காற்று கசியவில்லை, துரு வழியாக ஒழுகிப் போகவில்லை, அவர் பல் விளக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒரு காலையில் யாருக்கும் தெரியாமல் போய்விடவில்லை. அத்தனையும் ஒரே மூச்சில், வால்வு வழியாக, குழாய் வழியாக, போக வேண்டிய வழியாகப் போயிருக்கிறது. மகள் கையில். "தட்டாம முள்ளைப் பாக்கக் கூடாதுட்டி," என்றார்.

"நீங்க தட்டினீயளா?"

"இல்ல."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். வெளியே நிஜமாகவே வேன் வந்து நின்றது. டிரைவர் இறங்கி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஏத்தலாமா?" என்று குரல் கொடுத்தான். "ஒரு அஞ்சு நிமிஷம் தம்பி," என்றார் சிலுவைமுத்து. பிறகு மகள் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார்:

"சத்தம் எப்படிப் பிள்ள வந்துச்சு?"

"இப்ப அதாப்பா முக்கியம்?"

"சொல்லு."

பவுலின் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு இரண்டு கன்னத்தையும் உப்பிக்கொண்டு, உதட்டை இறுக்கி, விட்டாள். "டுப்!" என்று வந்தது, எச்சில் தெறித்தது. போதவில்லை என்று அவளே தலையை ஆட்டினாள். "இல்ல, இதைவிடப் பெருசு. புறா அத்தனையும் எந்திச்சிட்டு. மணல் மூட்டை கிழிஞ்சிட்டு. நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன்."

"மூட்டை கிழிஞ்சிட்டா? வெறுங்காத்துலயா?"

"ஆமா. இவ்வளவு அகலத்துக்கு." அவள் கையை விரித்துக் காட்டினாள்.

அவர் அந்த அகலத்தைப் பார்த்தார். மெத்தைச் சுருளில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"இன்னொரு வாட்டி செய்யி," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.